ஐந்நூற்றைம்பது வாட் பொட்டி

கண்ணில் சோப்பு நுரை இருக்கும்போதே குளியலறையின் பெரிய விளக்கு அணையும். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கிற பழக்கமெல்லாம் வீட்டுக்காரருக்குக் கிடையாது. தண்ணீர் விழுகிற சத்தம் நின்றதும் மனசுக்குள் இருபது எண்ணுவார். இருபதுக்குள் ஒரு மனுஷி துவட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வராவிட்டால் அது குளிக்கிறவள் குற்றம்.

"சோப்பு போட எதுக்கு வெளிச்சம்? உன் முதுகு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா? அதான் ஜீரோ பல்பு போட்டு வெச்சிருக்கேனே!"

"வெளிய வந்தேன்னா உங்க முதுகு எங்க இருக்குன்னு காட்டுறேன்" என்று உள்ளேயிருந்து மனைவி கத்துவாள். அதற்குள் அவர் அடுத்த அறையின் மின்விசிறிக்குப் போயிருப்பார்.

தெருவில் அவருக்கு ரீடிங்காரர் என்று பெயர். முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தவர். மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது, முகம் நிற்காது. வீட்டின் ரீடிங் நிற்கும். "யாரு, அந்தப் பச்சை கேட்டு வீடா? முந்நூத்திப் பத்துக்குக் கம்மியா வந்ததே இல்லையே" என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இருக்கிறவர்களைப் பார்ப்பார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன இடத்தில், அழுதுகொண்டிருந்த வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி ரெண்டு மாசம் ரொம்ப ஏறியிருக்கே, ஏசி போட்டிருந்தீங்களோ?" என்று கேட்டுவிட்டார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளிய தடம் மூன்று நாள் இருந்தது. "தப்பா என்ன கேட்டேன்? ரீடிங்கைத்தானே கேட்டேன்" என்றார், மூன்று நாளும்.

மனைவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெய்லரக்கா என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். இரவல் மெஷின் ஒன்றில் பிறத்தியார் சட்டைக்குக் கிழிசல் தைத்துத் தொடங்கினாள். இன்றைக்கு இரண்டு தெரு தள்ளி ஏழு மெஷின் ஓடுகிற கடை அவளுடையது. கைக்கு மெஷின் பழகியது எப்படி, அளவு நாடா இல்லாமல் கண்ணாலேயே தோள் அகலம் சொல்வது எப்படி என்பதையெல்லாம் ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. சொன்னால் என்ன, உள்ளதைத்தானே சொல்கிறாள். கடை வைத்தது அவள், வீட்டுக்கு மாடிப்படி வைத்தது அவள், இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததும் அவள் தையல்தான். ஆனால் இந்த ஒரு மனிதரை மட்டும் அவளால் வெட்டித் தைத்து அளவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்றார். முதல் வாரம் கடையில் வந்து உட்கார்ந்தார். துணி வெட்டுகிற பெண் தண்ணீர் குடிக்க எழுந்தால் விசிறியை நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்தால் போட்டார். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவளின் மெஷின் விளக்கை, "வெளிய வெயிலு இப்படி அடிக்குதே" என்று அணைத்தார். அவள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் டெய்லரக்கா கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தாள்.

"ஏங்க, கடை மீட்டர் என் பேர்ல இருக்கு. உங்க மீட்டர் வீட்டுல இருக்கு. அங்க போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். அன்றைக்குப் பிடித்தது வீட்டுக்குச் சனி.

வந்ததும் வராததுமாக முதல் காரியம், வீட்டிலிருந்த டியூப்லைட்களில் பாதியைக் கழற்றினார். குளியலறை, கழிவறை, நடை, மாடிப்படித் திருப்பம், கொல்லைக் கதவு, பாத்திரம் கழுவுகிற இடம், வாசல், மீட்டர் பெட்டிக்கு அடியில் என்று எட்டு இடத்தில் நெல்லிக்காய் பருமனில் ஜீரோ வாட் குண்டு பல்புகளை மாட்டினார். அவை மட்டும் அணைவதில்லை. இரவும் பகலும் எரியும். யாராவது தெரியாத்தனமாக அணைத்தால் பதறுவார். "அது ஜீரோம்மா! எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன? ஜீரோவை எதால பெருக்கினாலும் ஜீரோதான்." ஒரு வீட்டுக்கு இப்படி வெளிச்சம் பிடிக்கத் தெரிந்தவன் ஊரில் எத்தனை பேர் என்பது மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.

அதே மாதம்தான் சின்னவளின் கம்ப்யூட்டரும் வந்தது. மூத்தவள் கல்யாணமாகித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னவள் கட்டட நிறுவனத்துக்கு வீட்டுப் படங்கள் வரைகிறவள். ஆபீசுக்கு வராமல் வீட்டிலிருந்தே வரையலாம் என்று சொல்லி, ஒரு பெரிய கம்ப்யூட்டரை அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். மேஜை மேல் திரை, மேஜைக்கு அடியில் முழங்கால் உயரக் கறுப்புப் பெட்டி. அவள் கோடுகளாக வரைந்து முடித்ததும் அந்தப் பெட்டி மணிக்கணக்கில் உறுமி, கோடுகளைச் சுவரும் ஜன்னலும் வெயிலும் நிழலுமாக நிஜ வீடு போல ஆக்கித் தரும். அதற்கு அவள் வைத்திருந்த சொல், வேகுது.

"படம் வேகுதும்மா. ஆறு மணி நேரமாகும். யாரும் கிட்டப் போகாதீங்க."

ரீடிங்காரர் கிட்டப் போனார். பெட்டியை முன்னால் இழுத்து, பின்புறம் திருப்பி, தூசியை வேட்டி நுனியால் துடைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். ஒட்டியிருந்த தகட்டில் 550W என்று இருந்தது. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐந்நூத்தி அம்பதா! இது பொட்டியா, பூதமா?"

அடுத்த இரண்டு மாத ரீடிங் வந்தது. வழக்கத்தைவிட இருநூற்று இருபது யூனிட் அதிகம். அவர் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் பெருக்கினார். ஐந்நூற்றைம்பது வாட், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஆக நாலு புள்ளி நாலு யூனிட்டு. விடுமுறை கழித்து அவள் வேலை பார்த்தது ஐம்பது நாள். நாலு புள்ளி நாலை ஐம்பதால் பெருக்கினால் இருநூற்று இருபது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெட்டி ஒட்டின மாதிரி வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? சாப்பாட்டில் உட்கார்ந்தால் இருநூற்று இருபது. வாசலில் போகிறவரைக் கூப்பிட்டு இருநூற்று இருபது.

"அது தாங்குற அளவுப்பா" என்று சின்னவள் பொறுமையாகத்தான் சொன்னாள். "அதிகபட்சம் அவ்வளவு வரைக்கும் கொடுக்க முடியும்னு போட்டிருக்கான். இருபது லிட்டர் குடம் வாங்கினா தினம் இருபது லிட்டரா குடிக்கிறோம்?"

"எங்கிட்டயே மின்சாரம் பாடம் நடத்துறியா? இந்த வீட்டுக்கு அந்தப் பொட்டியைத் தவிர வேற என்ன புதுசா வந்துச்சு? சொல்லு பாப்போம்."

டெய்லரக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க வந்தீங்க."

சின்னவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு அதோடு போனது.

போகாதது அவர் கை. சின்னவள் கை கழுவ எழுந்தால் திரையை அணைப்பார். போன் பேச மாடிக்குப் போனால் சுவிட்சை அணைப்பார். வரைந்தது அழிந்துவிட்டது என்று அவள் அலறினால், "மறுபடி வரை, கை மறந்துடுமா?" என்பார். அவள் சுவிட்சுக்கு மேல் ஒரு தாள் ஒட்டினாள்: அப்பா, தொடாதீங்க. வேகுது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, அதை வாசித்து, எழுத்து நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய் அணைத்தார்.

போன புதன்கிழமைதான் கழுத்தை அறுத்தது. ஒரு பெரிய கட்டடத்தின் படம். காலையில் வேகப் போட்டாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஐந்து மணி நேரம் முடிந்திருந்தது. நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். யாரும் தொடாமலிருந்தால் திரை தானாகவே இருண்டுவிடும். உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த வழியாகப் போன ரீடிங்காரர் இருண்ட திரையைப் பார்த்தார், உறுமுகிற பெட்டியைப் பார்த்தார்.

"தூங்குற மெஷினுக்கு எதுக்கு தீனி?" என்று பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

சின்னவள் கத்தவில்லை.  கத்துகிற பெண் கத்தி முடித்ததும் சாப்பிட வந்துவிடுவாள். இவள் ஆபீசுக்குப் போன் போட்டு, ஒரு நாள் அவகாசம் கேட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் நின்றபடி கேட்டுக்கொண்டாள். பிறகு பரண் மேலிருந்த கம்ப்யூட்டரின் அட்டைப் பெட்டியை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"ஆபீஸ் பக்கத்துல ரூம் பாத்துட்டேன்மா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டி வரும்."

"ஏண்டி, உங்கப்பா விஷயம் தெரிஞ்சதுதானே..."

"தெரிஞ்சதுதான்மா. அதான்."

இரண்டு நாளாக அந்தப் பெட்டி கூடத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரீடிங்காரரும் சுற்றிக்கொண்டுதான் போனார். அவள் போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. "போனா அடுத்த ரீடிங்ல தெரிஞ்சிடும்" என்று மட்டும் ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னார். பெற்ற பெண் வீட்டைவிட்டுப் போகிறாள், இந்த மனிதர் ரீடிங் குறையுமா என்று பார்க்கிறார். டெய்லரக்கா அன்றைக்கு ஒரு முழுக்கைச் சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் கையில் நடக்காத காரியம்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போகாமல் நடையின் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, முப்பத்து நாலு வருஷம் ஊரார் மீட்டரெல்லாம் படிச்சீங்க. இந்தப் பொட்டி எவ்வளவு தின்னுதுன்னு என்னைக்காவது மீட்டர்ல பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? அதான் எழுதியிருக்கானே."

"சட்டைக் காலர்ல நாப்பதுன்னுதான் எழுதியிருக்கும். போட்டுப் பாத்தா ஒருத்தனுக்குத் தொளதொளங்கும், ஒருத்தனுக்குக் கழுத்து நெரிக்கும். காலர்ல இருக்கற நம்பரை நம்பி வெட்டியிருந்தா என் கடை என்னைக்கோ மூடியிருக்கும். ஆளை நிக்க வெச்சு அளவெடுக்கணும். எடுங்க. இன்னைக்கு எடுக்கலேன்னா நாளைக்கு அவளோட நானும் வண்டி ஏறுறேன்."

அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. பயத்தால் வந்ததல்ல. மீட்டர் என்ற சொல்லால் வந்தது.

"எடுத்துடலாம். மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது."

அதற்கப்புறம் அவரைப் பார்க்க வேண்டுமே. பழைய ஆபீஸ் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பையில் பேனா. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார், விசிறிகள், டியூப்லைட்கள், போன் சார்ஜர் வரைக்கும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அணைத்தார். மீட்டரின் நெற்றியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் ஓட ஓட அது கண் சிமிட்டும்.

"மூவாயிரத்து இருநூறு சிமிட்டினா ஒரு யூனிட்டு. உன் பொட்டி ஐந்நூத்தி அம்பது தின்னா, பத்து நிமிஷத்துல இருநூத்தித் தொண்ணூத்தி மூணு சிமிட்டணும். எழுதி வெச்சுக்க."

சின்னவள் அறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஒரு சின்னப் படம் வேகப் போடுறேன். பெட்டி முழு மூச்சா உழைக்கும். இதுக்கு மேல அதால தின்ன முடியாது. எண்ணிக்கோங்க."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். டெய்லரக்கா கையில் கடிகாரம். குறுக்கே பேசினால் தொலைந்தோம் என்று அவள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் முடிந்தது.

"நூத்தி எழுபத்தி ஒண்ணு" என்றார். அவர் குரலே அவருக்கு நம்பிக்கையில்லாமல் கேட்டது. "கடிகாரம் சரியா ஓடுதா?"

"என் கடிகாரத்தைச் சொல்லாதீங்க. உங்க மீட்டரைச் சொல்லுங்க."

அவர் நாற்காலியை மீட்டருக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டார். "சரி, பொட்டியை நிறுத்தச் சொல்லு. சிமிட்டுறது நின்னுடும். அப்ப நூத்தி எழுபத்தி ஒண்ணும் பொட்டியோடதுதான்."

சின்னவள் நிறுத்தினாள். பிளக்கையும் பிடுங்கி, கையில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். வீட்டில் ஒரு சத்தமில்லை. மூன்று பேரும் மீட்டரைப் பார்த்தார்கள்.

சிமிட்டியது.

ஒன்பது பத்து வினாடி சும்மா இருந்தது. பிறகு திரும்பவும் சிமிட்டியது. பத்து நிமிஷம் எண்ணினார். அறுபத்து நாலு.

"எவனோ நம்ம லைன்ல கொக்கி போட்டிருக்கான்" என்று எழுந்தார். "பக்கத்து வீட்டுக்காரன்தான். எனக்கு அவன் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. அவன் ரீடிங் எப்பவுமே ஒழுங்கா இருக்கும்."

டெய்லரக்கா தலையிலடித்துக்கொண்டாள். படிப்பு இல்லாதவள்தான், ஆனால் நாற்பது வருஷம் இஸ்திரிப் பெட்டியோடு குடும்பம் நடத்தியவள். தையல் மெஷின் நாள் முழுக்க ஓடினாலும் கரண்டுக்கு நோகாது, இஸ்திரிப் பெட்டி அரை மணி காய்ந்தால் போதும், மீட்டர் ஓடும் என்பதை யாரும் சொல்லாமல் கையால் கற்றவள். "சுடுற பொருள் சும்மா சுடாது. அது எதையோ தின்னுதான் சுடும்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். ஃபிரிட்ஜின் முதுகைத் தொட்டாள், ஆறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டாள், காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி இளஞ்சூடு. நடைக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் இருப்பதே தெரியாமல் மஞ்சளாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"இங்க வாங்க. இதைத் தொடுங்க."

"அது ஜீரோ."

"தொடுங்கன்னா!"

தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஜீரோன்னா ஏங்க சுடுது?"

 விரலை வாயிலிருந்து எடுக்காமலே போய் அந்த சுவிட்சை அணைத்தார். வாசலுக்கு ஓடி மீட்டரைப் பார்த்தார். சிமிட்டுவதற்கு முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. கழிவறை பல்பை அணைத்தார். ஓடினார், பார்த்தார். கொல்லைக் கதவு. மாடிப்படி. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் இப்படி எட்டுத் தடவை ஓடி யாரும் பார்த்ததில்லை. எட்டாவது, மீட்டருக்கு அடியிலிருந்த பல்பு. அதை அணைத்ததும் மீட்டர் செத்துப்போனது. கண் திறக்கவே இல்லை.

பேனாவை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். அங்கே நெடுநேரம் கீறுகிற சத்தம் கேட்டது.

"ஒரு பல்பு பதினஞ்சு வாட்" என்று கதவே பேசியது. "எட்டு பல்பு நூத்தி இருபது. ராப்பகலா எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு நூத்தி எழுபத்தி மூணு யூனிட்டு."

"பொட்டி?"

மறுபடியும் கீறுகிற சத்தம்.

"சும்மா வரையறப்ப நூறுகூட இருக்காது. வேகறப்ப இருநூறு. இருநூத்தி இருபதுல பல்பைக் கழிச்சா நாப்பத்தி ஏழுதான் மிச்சம்." பிறகு வெளியே வந்து, வராத வியாதி வந்தவர் மாதிரி நின்று, "அதெப்படி ஜீரோன்னு எழுதி விக்கலாம்? அவனைக் கேக்க ஆளே இல்லையா?" என்றார்.

டெய்லரக்காவுக்குக் கையிலிருந்த கடிகாரத்தை எறியலாமா என்று இருந்தது. இத்தனைக்கும் பிறகு பல்பு செய்தவன் மேல் கோபம்! எட்டு மாதம் இருட்டில் சோப்பு போட்டவள் நான், ஐந்து மணி நேரப் படத்தைப் பறிகொடுத்தவள் அவள். ஒரு வார்த்தை வருகிறதா பார். அவள் மகளைப் பார்த்தாள்.

சின்னவள் கூடத்தில் அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, தெர்மகோல் துண்டுகளை உள்ளே சரியாகப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"கணக்கு சரியாயிடுச்சுப்பா, சந்தோஷம்" என்றாள், நிமிராமல். "புதன்கிழமை போனது போனதுதானே. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி."

எழுந்து கம்ப்யூட்டர் வயர்களைக் கழற்ற உள்ளே போனாள்.

ரீடிங்காரர் ஸ்டூலை இழுத்து நடையில் போட்டு ஏறினார். தோள்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பல்பைத் திருகினார். இறங்கினார், அடுத்த இடத்துக்கு ஸ்டூலை நகர்த்தினார். எட்டையும் கழற்றி வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அட்டைப் பெட்டிக்கு முன்னால் குனிந்து, கம்ப்யூட்டர் உட்காருவதற்காகவே குடைந்திருந்த தெர்மகோல் பள்ளத்தில் எட்டு பல்புகளையும் ஒன்றோடொன்று இடிக்காமல் வரிசையாக வைத்தார். மேல் துண்டை அழுத்தி மூடினார். நாலு பக்கமும் டேப் ஒட்டினார். ஒட்டின டேப்பின் மேல் இன்னொரு டேப்.

வயரைச் சுருட்டிக்கொண்டு வந்த சின்னவள் அறை வாசலில் நின்றுவிட்டாள்.

"அப்பா, அது என் பெட்டி. நாளைக்கு வேணும்."

"தெரியும்" என்றார்.

ஸ்டூலில் ஏறி, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பரணில் வைத்தார். இறங்கி, தரை துடைக்கிற கம்பை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். கை எட்டாத மூலைச் சுவரில் போய் முட்டுகிற சத்தம் கேட்கும்வரை கம்பால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.